வயிற்றுவலி முதுகுக்குப் போனால்... கணைய நோயும் உள்ளே போய்ப் பார்க்கும் ஸ்கேனும்

(புதியம்புத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பேசி முடித்துவிட்டோம். இனி அரைமணி நேரம் நம்ம வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. அவங்கவங்க குழுவின் உள்கடன் நோட்டைத் திறந்து பாருங்க. கடன் வாங்கிய காரணம் என்ற கட்டத்தில் பிள்ளை படிப்பு, ஆடு வாங்க, தையல் மெஷின் வாங்க என்று எழுதியிருக்கும். அதற்கு நடுவே "மருத்துவச் செலவு" என்று ஒரு வரி அடிக்கடி வரும். என்ன நோய், எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், எந்த டெஸ்டுக்கு எவ்வளவு போச்சு என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளே மறைந்துவிடுகிறது.

வயிற்றுவலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சீரகத் தண்ணி வைத்துக் குடிக்கிறோம். ஓமவாட்டர் குடிக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் போய் கேஸ் மாத்திரை கேட்டு வாங்குகிறோம். வாய்வு, அல்சர் என்று நாமே பேரும் வைத்துவிடுகிறோம். பல சமயம் அது சரியாகியும் போகும். ஆனால் எல்லா வயிற்றுவலியும் அல்சர் இல்லை. மேல்வயிற்றில் ஆரம்பித்து ஊடுருவி முதுகுக்குப் போகிற வலி ஒன்று உண்டு. அது கணையம் என்ற உறுப்பின் வலியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க என்ன வழி, எந்த டெஸ்ட் எப்போது வேணும், எப்போது வேண்டாம் என்பதுதான் இன்றைய பேச்சு. நாங்கள் டாக்டர் இல்லை. வைத்தியம் சொல்ல வரவில்லை. டாக்டர் முன்னாடி உட்காரும்போது நாம் விவரமாகப் பேச வேண்டும், விவரமாகக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இது.

கணையம் எங்கே இருக்கு?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே படுத்த மாதிரி கணையம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம். எடை 100 கிராம் அளவுதான். ஆனால் அது செய்கிற வேலை ரெண்டு. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் கணையநீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. இன்னொன்று, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சுரப்பது. அதனால்தான் கணையம் கெட்டால் செரிமானமும் கெடும், சர்க்கரை நோயும் வரும்.

கணையநீர் சாதாரணமாகக் குடலுக்குப் போய்த்தான் வேலையைத் தொடங்கும். போகிற வழி அடைபட்டாலோ, கணையத்துக்கு அடி விழுந்தாலோ, அந்த நீர் கணையத்துக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடும். நம்ம சொந்தக் கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கும். இதைத்தான் கணைய அழற்சி என்கிறார்கள். திடீரென்று வரும் கடும் அழற்சி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். இது நம்ம ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம். புதியம்புத்தூர் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம் கேட்கிற ஊர். தீபாவளி, பொங்கல் ஆர்டர் வந்துவிட்டால் காலையில் உட்கார்ந்தவர்கள் ராத்திரிதான் எழுந்திருப்பார்கள். மெஷினில் குனிந்தே இருக்கும்போது வலி அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். ராத்திரி பாயில் படுத்தவுடன் முதுகு வரை இழுக்கும். "நாளெல்லாம் உட்கார்ந்து தைச்சேன், அதான் முதுகுவலி" என்று நினைத்துத் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். முதுகுவலியோடு மேல்வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்து வருகிறதா, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா, குனிந்தால் குறைகிறதா என்று பாருங்க. அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்க. பாதி வழி காட்டுவது அந்த விவரம்தான்.

எதனால் வருகிறது?

முதல் காரணம் பித்தப்பைக் கல். பெண்களுக்கு இது அதிகம். பித்தப்பையில் இருந்து நழுவும் சின்னக் கல், பித்தநாளமும் கணைய நாளமும் சேர்ந்து திறக்கிற வாசலில் போய் மாட்டிக்கொள்ளும். உடனே கணையம் வீங்கும். பெரிய கல்லைவிட மணல் மாதிரிப் பொடிக்கல் நழுவிப் போவது சுலபம் என்பதை மனதில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் சாராயம். நம்ம வீட்டு ஆண்களுக்குக் கணையம் கெடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் கெடுதல் கூடும். ஒரு தடவை கணைய அழற்சி வந்து பிழைத்தவர் திரும்பவும் குடித்தால், திரும்பவும் வரும். இதை வீட்டில் நாம் சொன்னால் சண்டை என்பார்கள். டாக்டர் வாயால் சொல்ல வைங்க.

மூன்றாவதாக ஒன்று, நம்ம தென்னாட்டோடு சம்பந்தப்பட்டது. குடிப்பழக்கம் இல்லாத, மெலிந்த, சின்ன வயதுப் பிள்ளைகளுக்குக்கூடக் கணையத்தில் கல் சேர்ந்து, சில ஆண்டுகளில் சர்க்கரை நோயும் வந்துவிடுகிறது. 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்து, 1968-இல் புத்தகமே எழுதினார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது அதிகமாகக் காணப்பட்டது. முதலில் மரவள்ளிக்கிழங்கைச் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. 2002-இல் ஹைதராபாத் விஞ்ஞானிகளின் ஆய்வு, ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தால் "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குது" என்று திட்டிவிட்டுப் போகாதீங்க. உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறதா, மலம் எண்ணெய்ப் பிசுக்காகத் தண்ணீரில் மிதக்கிறதா என்றும் பாருங்க.

நான்காவது, புற்றுநோய். இது வலியே இல்லாமலும் வரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். மஞ்சக்காமாலை என்று சொல்லி நாட்டு மருந்துக்குப் போய், பத்தியம் இருந்து, ரெண்டு மூணு மாதம் கடத்திவிடுகிறோம். வயதானவர்களுக்கு வலியில்லாமல் வரும் காமாலையில் அந்த ரெண்டு மாதம் மிகப் பெரிய நஷ்டம். அதேபோல 50 வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே எடையும் மளமளவென்று குறைந்தால், சர்க்கரை மாத்திரை வாங்கியதோடு நிற்காமல் கணையத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வெளியில் இருந்து பார்த்தால் ஏன் தெரிவதில்லை?

மாசமாக இருக்கும்போது வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்திருக்கிறோம். அது ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன். நம்ம காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, மோதித் திரும்பி வருவதை வைத்துப் படம் போடுகிறது. பித்தப்பைக் கல்லை இது நன்றாகவே காட்டும். ஆனால் இந்த ஒலி அலைக்குக் காற்று ஆகாது. இரைப்பையிலும் குடலிலும் காற்று நிற்கும். அதற்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது கணையம். அதனால்தான் ரிப்போர்ட்டில் "கணையம் முழுதாகத் தெரியவில்லை" என்று சில சமயம் எழுதியிருக்கும். அதை "கணையத்தில் ஒன்றும் இல்லை" என்று நாம் படித்துவிடக் கூடாது. ரெண்டும் வேறு வேறு.

சரி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி? அதன் முனையில் கேமரா இருக்கும். இரைப்பையின் உள்சுவரில் புண் இருந்தால் காட்டும். சுவரைத் தாண்டிப் பின்னால் இருப்பதைக் கேமராவால் பார்க்க முடியாது.

இந்த ரெண்டையும் சேர்த்ததுதான் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். சுருக்கமாக இ.யூ.எஸ். என்பார்கள். குழாயின் முனையில் கேமராவோடு சின்ன ஸ்கேன் கருவியும் இருக்கும். அது வாய், உணவுக்குழாய், இரைப்பை வழியாகச் சிறுகுடலின் தொடக்கம் வரை போகும். அங்கிருந்து கணையம் பக்கத்து அறைதான். இடையில் மெல்லிய சுவர் மட்டும். பக்கத்து வீட்டில் என்ன பேச்சு என்று தெருவில் நின்று கேட்பதற்கும், ஒட்டின சுவரில் காது வைத்துக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வெளி ஸ்கேனில் தப்பிப் போகும் பொடிக்கல், சி.டி. ஸ்கேனில் சரியாகப் பிடிபடாத சின்னக் கட்டி இதில் தெரியும்.

1980-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இதன் முதல் கருவிகள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில், இதே குழாய் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திக் கணையக் கட்டியில் இருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். வயிற்றைத் திறக்காமலே "இது என்ன கட்டி" என்று தெரிந்துகொள்ள இதுவும் ஒரு வழியானது. இன்று இந்தியாவிலும் பெரிய குடல் நோய்ச் சிறப்பு மருத்துவமனைகளில் இது நடக்கிறது.

எப்போது வேணும்? எப்போது வேண்டாம்?

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. வயிற்றுவலி என்று போன எல்லோருக்கும் இ.யூ.எஸ். தேவையில்லை. டெஸ்டுக்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில் ரத்தப் பரிசோதனை. அமைலேஸ், லைபேஸ் என்று ரெண்டு சொல்லுவார்கள். மேல்வயிற்றில் கடும் வலி இருந்து, இவை இயல்பு அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணைய அழற்சி என்று அநேகமாக முடிவு செய்யலாம். அடுத்து வெளி ஸ்கேன். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. இவற்றிலேயே விடை கிடைத்துவிட்டால் பலருக்கு அதோடு போதும். கடும் வலி வந்த அன்றைக்கு வேண்டியது சலைனும் வலி மருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்தான். அன்றைக்கே உள்ளே குழாய் விட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இ.யூ.எஸ். உதவுகிற இடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: கணைய அழற்சி வந்து தணிந்தது. குடிப்பழக்கம் இல்லை. வெளி ஸ்கேனில் கல் இல்லை என்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது. சில வாரம் கழித்து, வீக்கம் வற்றிய பிறகு இ.யூ.எஸ். பார்த்தால் பித்தப்பையிலோ பித்தநாளத்திலோ ஒளிந்திருக்கும் பொடிக்கல் தெரியலாம். பித்தப்பைக் கல்தான் காரணம் என்று தெரிந்தால், ஆபரேஷன் செய்து பித்தப்பையை எடுத்து, அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். காரணம் தெரியாமல் ஆண்டுக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ரெண்டு: சி.டி. ஸ்கேனில் கட்டி போல ஏதோ தெரிகிறது. புற்றுநோயா, பழைய அழற்சியின் வீக்கமா, காசநோயா என்று தெரியவில்லை. காசநோயும் கணையத்தில் கட்டி மாதிரி வரும். ஊசியில் சதை எடுத்துப் பார்த்து அது காசநோய் என்று தெரிந்தால், பெரிய ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே குணமாக்கலாம்.

மூன்று: கணையத்தில் நாள்பட்ட கெடுதல் இருக்கிறதா என்ற சந்தேகம், மற்ற ஸ்கேனில் தெளிவு இல்லை.

நான்கு: ஏற்கெனவே கணையக் கல் நோய் உள்ளவருக்கு, அடங்கியிருந்த வலி மறுபடி வருகிறது, எடை குறைகிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னாட்டுக் கணையக் கல் நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. ஆகவே "இது பழைய வலிதானே" என்று விடக் கூடாது.

இந்த ஸ்கேனும் கடவுள் இல்லை. பார்க்கிற டாக்டரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. நாள்பட்ட வீக்கம் உள்ள கணையத்தில் புற்றுநோயைப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். ஊசியில் எடுத்த சதையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். அது ஏமாற்று இல்லை.

பயப்பட வேண்டியதா?

"தொண்டைக்குள்ளே குழாயா!" என்று பயந்து பாதியில் எழுந்து வருகிறவர்கள் உண்டு. நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது. தொண்டை மரத்துப் போக மருந்து தெளிப்பார்கள். நரம்பில் தூக்க ஊசி போடுவார்கள். இடப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். பல் கடிபடாமல் வாயில் ஒரு வளையம் வைப்பார்கள். அநேகமாக அரைமணியில் இருந்து முக்கால் மணிக்குள் முடியும். முழித்த பிறகு தொண்டை கரகரப்பு ஒரு நாள் இருக்கலாம். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

ஆபத்தே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஊசி போட்டுச் சதை எடுத்தால் சிலருக்கு ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, கணைய வீக்கம் வரலாம். 100 பேரில் ஓரிருவர் அளவுதான். குடலில் ஓட்டை விழுவது மிக அபூர்வம். வீட்டுக்கு வந்த பிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்க.

முன்னதாக டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பது, இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, ஆடுகிற பல், கட்டின பல், மாசமாக இருப்பது. எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. கூட ஒருத்தர் போக வேண்டும். தூக்க ஊசியின் மந்தம் இருக்கும் என்பதால் அன்றைக்கு மெஷினில் உட்காரவோ வண்டி ஓட்டவோ கூடாது.

பணத்துக்கு என்ன வழி?

இ.யூ.எஸ். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது கோவில்பட்டி அரசு மருத்துவமனை என்று படிப்படியாகப் போங்க. அங்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து, மேலே போக வேண்டும் என்றால் எங்கே போகலாம் என்று அவர்களே சீட்டு எழுதித் தருவார்கள். எடுத்தவுடனே தனியாருக்குப் போய், எடுத்த டெஸ்டையே மூணு இடத்தில் எடுத்து நகையை அடகு வைக்க வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். விவரத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண் உண்டு. எந்தப் பரிசோதனைக்குக் காப்பீடு உண்டு, எதற்கு நாம் கட்ட வேண்டும் என்பது நோய்க்கும் ஆஸ்பத்திரிக்கும் தகுந்து மாறும். அதனால் அட்மிஷன் போடும் முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேஜையில் கேளுங்க. வலி வந்த பிறகு சான்றுக்கு அலையாதீங்க. இப்போதே வாங்கி வையுங்க. கார்டு இல்லாத அவசரத்தில்தான் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

டாக்டர் இ.யூ.எஸ். எழுதினால் தயங்காமல் நாலு கேள்வி கேளுங்க. "இதுல என்ன தெரிஞ்சுக்கப் பார்க்கிறீங்க? இதுல தெரியிறதை வச்சு வைத்தியம் மாறுமா? ஊசியில் சதை எடுப்பீங்களா? மொத்தம் எவ்வளவு ஆகும், காப்பீடு உண்டா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

நம்ம குழு செய்ய வேண்டியது

இந்த மாதக் கூட்டங்களில் மூன்று தீர்மானம் எழுதலாம் என்று எங்கள் குழு கேட்டுக்கொள்கிறது. ஒன்று, ஒவ்வொரு உறுப்பினரின் காப்பீட்டுக் கார்டும் இருக்கிறதா, ரேஷன் கார்டில் உள்ள பேர் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களை ஒரே நாளில் கூட்டிப் போய்ப் பதிவது. ரெண்டு, ஆஸ்பத்திரி சீட்டு, ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பைலில் வைப்பது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் பாதி டெஸ்ட் மிச்சமாகும். மூன்று, இ.யூ.எஸ். பார்க்க வெளியூர் போகும் உறுப்பினரோடு, வீட்டில் ஆள் இல்லை என்றால் குழுவில் இருந்து ஒருத்தர் போவது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு, வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் வேலைக்கு மகளிர் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். நம்மால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ராத்திரி முதுகு வரை வலிக்கிறது, சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளாகிறது, புதுசாகச் சர்க்கரை வந்த பெரியம்மா துரும்பாக இளைக்கிறார் என்றால், முதலில் கவனிப்பது நாமாக இருக்க வேண்டும்.

சேமிப்பில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். அதே கண்ணோடு உடம்பையும் பார்ப்போம். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்கள் குழுவிடம் வாங்க. இலவச ஆலோசனைக்கு 104-க்கும் போன் செய்யலாம்.